சாம்பல் சரிவில்
யாசூர் எரிமலை உறுமும்போதெல்லாம் கருஞ்சாம்பல் சரிவு காலடியில் அதிர்கிறது. நகரத்திலிருந்து மகளையும் மாமனார் குடும்பத்தையும் தன் தீவுக்குக் கூட்டிவந்திருக்கிறான் நாகோ. அவன் எதிரே வெறுங்காலோடு நிற்கிறாள் அக்கா லேயா. வாழையிலையில் கட்டி வேகவைத்த லாப்லாப் கிழங்குப் பலகாரத்தின் சூடு தாங்காமல் பொட்டலத்தைக் கை மாற்றி மாற்றிப் பிடிக்கிறாள். "யாரு மாப்பிள்ளை இது?" என்கிறார் மாமனார். "வழிகாட்ட வந்த பொம்பளை, மாமா." சொன்ன வாய் மூடுமுன் அவனுக்குக் காது சுடுகிறது. அக்கா ஒரு கணம் அவனைப் பார்க்கிறாள். பொட்டலத்தை அவன் மகளிடம் கொடுத்துவிட்டு, மாமியாரின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொள்கிறாள். "காத்து இந்தப் பக்கம் அடிக்குது. என் பின்னாலயே வாங்க சார்" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு முன்னால் ஏறுகிறாள். அவள் கால் பதிந்த குழிகளில் ஷூவை வைத்து வைத்து, தலை நிமிராமல் ஏறுகிறான் நாகோ.