முன்னேறிய வீடு

சலவைத் தொழிலாளி செல்லக்கனி மொட்டை மாடியில் புடவைகளை உலர்த்திக்கொண்டிருந்தபோது, அரசு அதிகாரி ஒருவர் படியேறி வந்து கைகுலுக்கினார்.

"வாழ்த்துகள்மா! உங்க வீடு முன்னேறிடுச்சு. உங்க மாடியில நாற்பது பட்டுப் புடவை இருக்குறதைச் செயற்கைக்கோள் பார்த்திருக்கு."

"ஐயோ சார், அதெல்லாம் ஊர்க்காரங்க வெளுக்கக் கொடுத்தது!"

"மேலேயிருந்து பார்த்தா யாருதுன்னு தெரியாதும்மா. இனிமே இலவச டயாலிசிஸ் வேன் இங்க வராது."

செல்லக்கனி கையிலிருந்த ஈரப் புடவையைக் கொடியில் போட்டுவிட்டு அவரிடம் வந்தாள்.

"யார்கிட்ட சார் முறையிடறது?"

"ஏழைகள் குறைதீர்ப்பு மையத்துல. ஆனா முன்னேறினவங்களை உள்ளே விடமாட்டாங்க."

அவர் இறங்கிப் போனதும், கீழே கட்டிலில் வீங்கிய கால்களோடு படுத்திருந்த அவள் கணவன் தங்கமுத்து குரல் கொடுத்தான்.

"யாரு புள்ள? வேன் வந்துடுச்சா?"

"இல்லீங்க," என்றாள் செல்லக்கனி. "முன்னேற்றம் வந்துட்டுப் போகுது."