நன்னாரி பாட்டிலில் ஒரு வெள்ளிக் கோடு

"அண்ணாச்சி, வேட்டிய மடிச்சுக் கட்டாதீங்க, இறக்கி விட்டுக்கிடுங்க. இங்கன கொசு காலைப் பிச்சு எடுத்துரும்."

காளீஸ்வரி சொன்னதும் தில்லைநாயகம் பதறிப்போய், கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியைக் கணுக்கால் வரை இறக்கி விட்டார். சர்பத் கம்பெனி மேனேஜர் அவர். புது நன்னாரி சர்பத்துக்கு விளம்பரப் புகைப்படம் எடுப்பதைக் கூடவே இருந்து பார்க்க அச்சன்புதூரிலிருந்து வந்திருந்தார்.

"இந்தா பாரும்மா, உள்ளதைச் சொல்லுதேன். நான் மதுரை ஸ்டுடியோவுக்குத்தான் குடுக்கச் சொன்னேன். முதலாளிதான் உள்ளூர்ப் பிள்ளை எடுக்கட்டும்னுட்டாரு. இந்த ஒரு படம் சரியா வந்தா, வருஷம் பூரா எங்க பன்னிரண்டு சரக்கும் உனக்கு. இல்லைன்னா மதுரைதான்."

"சரியா வரும் அண்ணாச்சி."

வாய்தான் சொன்னது. கண் வாசலைப் பார்த்தது. பாஸ்போர்ட் படமும் காதுகுத்துப் படமுமாகவே ஆறு வருடம் ஓட்டிவிட்ட தென்காசி ஸ்டுடியோ அது. முக்காலி மேல் பாட்டில். வலது பக்கம் பெரிய விளக்கு. காலையிலேயே பைக்கில் சாமான் தேடிப் போன கணவன் விஜய்பாண்டியை இன்னும் காணோம். வெளியே சாரல் விடாமல் அடித்தது.

"சீக்கிரம் எடும்மா. ஐந்தருவியில தண்ணி அருமையா விழுதாம். குளிச்சுட்டு ஊர் திரும்பணும். நீ எடுத்து முடிக்கிற வரை நான் வெளிய உக்காந்திருக்கேன்."

"ஐயோ, போயிராதீங்க! நீங்க பக்கத்துல நின்னாத்தான் எனக்கு வேலை ஓடும்."

தில்லைநாயகத்தின் மீசை லேசாக மேலே ஏறியது.

"சரி, நான் எங்கன நிக்கணும்?"

"பாட்டிலுக்கு இடது பக்கமா, நல்லா கிட்ட வாங்க. அங்கன நின்னு பாத்தாத்தான் குறை தெரியும். தோள்ல என்ன, காவித்துண்டு நனைஞ்சிருக்கே? குடுங்க, காயப் போடுதேன்."

துண்டைக் கொடுத்துவிட்டு நின்றார். கிளிக்.

"இன்னும் அரை எட்டு முன்னால... போதும், போதும்! இப்ப பாட்டில் எப்படி இருக்கு?"

"லேசா சாஞ்சிருக்கோ?"

சாயவே இல்லை.

"ஆமா அண்ணாச்சி! எனக்குத் தெரியலை பாருங்க." பாட்டிலைச் சும்மா தொட்டுவிட்டு மறுபடியும் கிளிக்.

மூடியைத் துடைக்கச் சொன்னார். துடைத்தாள். லேபிளைத் திருப்பச் சொன்னார். திருப்பி, அவர் பார்க்காதபோது பழையபடி வைத்தாள். டீ வந்தது. உட்காரப் போனவரை, "அங்கனயே நின்னு குடிச்சிருங்களேன்!" என்று நிறுத்தினாள். ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. ஐந்தருவி அவருக்கு மறந்தே போனது.

கடைசியில் கம்ப்யூட்டர் திரையில் படம் விரிந்தது. உள்ளே விளக்கு ஏற்றியதுபோல் சர்பத் செக்கச் செவேலென்று ஒளிர்ந்தது. பாட்டிலின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை பளீரென்று ஒரு வெள்ளிக் கோடு.

"ஏ யப்பா! இந்தக் கோடு என்னமா மின்னுது! கையை நீட்டி எடுத்துரலாம் போல இருக்கே. ஆமா, கோட்டுக்கு அடியில பச்சையா ஏதோ தெரியுதே, அது என்ன?"

காளீஸ்வரி திரையருகே குனிந்து பார்த்தாள்.

"மூலிகைச் சரக்குல்லா அண்ணாச்சி... ஓரமா ஒரு பச்சை இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

"பலே!" அப்போதே முதலாளிக்குப் போன் போட்டார். "முதலாளி, மதுரை வேண்டாம். பன்னிரண்டு படமும் இந்தப் பிள்ளையே எடுக்கட்டும். ஆனா ஒண்ணு, நான் பக்கத்துல நிக்கணும். நான் இல்லைன்னா படம் இப்படி வராது."

"சத்தியமான வார்த்தை அண்ணாச்சி," என்றாள் காளீஸ்வரி.

துண்டை வாங்கிக்கொண்டு அவர் படியிறங்கிய கொஞ்ச நேரத்தில், தொப்பலாக நனைந்து விஜய்பாண்டி வந்து சேர்ந்தான். கையில் இரண்டாக ஒடிந்த வெள்ளைத் தெர்மாகோல்.

"ஏட்டி, பாவூரு, பண்பொழி எல்லாம் தேடி செங்கோட்டையிலதான் கிடைச்சுது. வார வழியில காத்து ஒடிச்சுட்டு! நம்ம பழைய அட்டையை எலி தின்னுட்டுன்னு அவருகிட்ட சொல்லிட்டியா? வெளிச்சத்தைத் திருப்ப வெள்ளையா ஒண்ணும் இல்லாம எப்படிப் படம் எடுத்தே?"

காளீஸ்வரி திரையில் அந்த வெள்ளிக் கோட்டின் அடியைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

"அடுத்த படத்துக்குப் பச்சைக்கரை இல்லாத வேட்டியில வரச் சொல்லணும்ங்க."