பால்கேனோடு ஓர் எட்டு

மாரிச்செல்வி வண்டியோடு சாய்ந்தாள். இரண்டு பக்கமும் தொங்கிய பால்கேன்களிலிருந்து தண்ணீர் கொட்டி, தரையில் சுண்ணாம்பால் போட்டிருந்த எட்டு பாதி அழிந்துபோனது. முழங்கை சிராய்த்து எரிந்தது.

அவள் புருஷன் மலைச்சாமி, நின்ற இடத்தை விட்டு ஓரடி நகரவில்லை.

"தண்ணிதான கொட்டுச்சு, பால் இல்லையே. எந்திரிச்சு நிறைச்சிட்டு ஏறுட்டி" என்றான்.

பைக் பழக வந்திருந்த மற்றப் பொம்பளைகளுக்குப் பொறுக்கவில்லை. கட்டின புருஷனா இவன் என்று அவன் காதுபடவே பேசினார்கள். டிரைவிங் ஸ்கூல் சௌந்தரபாண்டியன்கூட, டெஸ்ட்டில் வெறும் வண்டியைத்தான் ஓட்டச் சொல்வார்கள், கேன் எதுக்கப்பா என்று சொல்லிப் பார்த்தார்.

"டெஸ்ட்டுக்கு வேண்டாம்ணே. பொழப்புக்கு வேணும்ல."

பொழப்பாம் பொழப்பு! சேத்தூரில் பால் வாங்கி ராஜபாளையம் டீக்கடைகளுக்கு ஊற்றுவது அவன் வேலை. சித்திரையில் இடுப்பு வலி என்று வண்டியை நிறுத்தியவன், பொறவு அதைத் தொடவே இல்லை. பாவம் என்று பக்கத்து வீட்டுப் பால்பாண்டிதான் இப்போது கடைகளுக்கு ஊற்றிக்கொடுக்கிறான். அவனும் ஆவணியில் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறான். அதற்குள் மாரிச்செல்வி லைசென்ஸ் எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் கடையெல்லாம் கைவிட்டுப் போய்விடும், அப்புறம் அடுப்பில் பூனைதான் தூங்கும்.

அது அவளுக்குப் புரியாமல் இல்லை. விழுந்தால் தூக்கிவிட வராத மனசுதான் புரியவில்லை. வீட்டுக்குள் அடுப்படிக்கும் வாசலுக்கும் நல்லாத்தான் நடக்கிறான். வெளியே கிளம்பினால் மட்டும் இடுப்பு தாங்கலை என்று அவள் தோளைப் பிடித்துக்கொள்கிறான். வாய்க்கு மட்டும் ஒரு வலியும் வரக் காணோம்.

நல்ல டாக்டராகப் பாருங்களேன் என்று ஒருநாள் கேட்டாள். மதுரைக்கே போய்ப் பார்த்தாச்சு, இனி சரியாகாதாம் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். சோம்பேறிக்குச் சாக்கா கிடைக்காது என்று நினைத்துக்கொண்டாள். அழுகைகூட வந்தது.

டெஸ்ட் அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானத்தில் நல்ல கூட்டம். பிரேக் இன்ஸ்பெக்டர் பெயரைக் கூப்பிட்டதும் குலசாமியைக் கும்பிட்டுவிட்டு ஏறினாள். கேனைச் சுமந்து பழகிய கைக்கு வெறும் வண்டி பூப்போலத் திரும்பியது. ஒரு தடவைகூடக் கால் ஊன்றவில்லை. பாஸ், இறங்குங்கம்மா என்றார் இன்ஸ்பெக்டர்.

அம்புட்டுக் கோபமும் போன இடம் தெரியவில்லை. அந்த மனுஷன் வதைத்ததும் நல்லதுக்குத்தான் என்று தோன்றியது. வண்டியைச் சௌந்தரபாண்டியனிடம் விட்டுவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு ஓடினாள்.

மலைச்சாமி வேப்பமரத்தடியில், மைதானத்துக்கு முதுகைக் காட்டி, ரோட்டுப் பக்கம் பார்த்து நின்றிருந்தான்.

அவளுக்குச் சுருக்கென்றது. பெண்டாட்டி எட்டு போடுவதைத் திரும்பிப் பார்க்கக்கூடவா மனசில்லை? நானாக வாய் திறக்கப்போவதில்லை என்று அவன் முன்னால் போய் நின்றாள்.

மலைச்சாமி தயங்கித் தயங்கி அவளிடமே பேசினான்.

"யாரு தாயி, டெஸ்ட்டுக்கு வந்தவியளா? அங்கன மாரிச்செல்வின்னு ஒருத்தி கால் ஊனாம எட்டு போட்டுட்டாளான்னு செத்த பாத்துச் சொல்லுங்க. எனக்கு ரெண்டு கண்ணும் போயிருச்சு. அவளுக்குத் தெரியாது தாயி. தெரிஞ்சா, அழுத கண்ணோட எப்பிடி வண்டி ஓட்டுவா?"