நானூறு கிராம்

"அதை மட்டும் கேட்காதீங்க மாப்ள. கடையில வேற எது வேணும்னாலும் எடுத்துக்குங்க."

சொல்லிக்கொண்டே மச்சான் ஸ்டார்ட்டர் பெட்டியை மேல்தட்டில், கைக்கு எட்டாத உயரத்தில் ஏற்றிவிட்டார்.

அவன் மேசை மேல் கிடந்த தன் ரிமோட் விமானத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டரை மீட்டர் இறக்கையைக் கழற்றி வைத்துவிட்டு உடலை மட்டும் காரில் கொண்டுவந்திருந்தான். எட்டு மாதம் ஒரு மூலையில் கிடந்ததில், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் பிசினாகக் காய்ந்து, பேரிங் துருவேறி, பழைய எஞ்சின் இறுகிப்போயிருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை இதைப் பறக்கவிட வேண்டும். யாரிடமும் போய் நிற்காமல், தனியாக. அதற்காகத்தான் வந்திருந்தான்.

கடை மச்சானுடையது. அவன் மனைவியின் அண்ணன். ரிமோட்டில் பறக்கும் விமானங்களுக்கான எஞ்சின், சர்வோ, ரிசீவர் என்று சுவர் முழுக்கப் பெட்டிகள். இதுவரை கேட்டதற்கெல்லாம் தலையாட்டினார். நூறு சிசி எஞ்சினா, சரி. ஒற்றை சிலிண்டர் உதறும், இரட்டையா எடுங்க என்று அவரே சொன்னார். இறக்கை, வால் மடல்களை அசைக்க உலோகப் பல் வைத்த சர்வோ மோட்டாரா, சரி. ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கு ஒன்றுக்கு இரண்டு பேட்டரியா, அதுவும் சரி. ஸ்டார்ட்டர் என்றதும்தான் முரண்டு பிடித்தார்.

"நானூறு கிராம் மாப்ள, பேட்டரியோட சேர்த்து. மூக்கைச் செங்குத்தாத் தூக்கி நிறுத்தினா அப்படியே அந்தரத்துல நிக்கணும். இதை மாட்டினா சிமென்ட் மூட்டை மாதிரி இறங்கும்."

"மத்த பேட்டரியைப் பின்னால தள்ளிச் சரிக்கட்டிடலாம்."

"தள்ளலாம். எடை எங்க போகும்?"

"நான் என்ன போட்டிக்கா போறேன்? சும்மா பறக்கவிடத்தானே."

"சும்மா பறக்கவிடறவருக்கு நூறு சிசி எதுக்காம்?"

ஜன்னலோரம் புரொப்பல்லர்களைப் புரட்டிக்கொண்டிருந்தவர் சிரித்தார். பல் டாக்டர். இந்த விளையாட்டுக்குப் புதியவர்.

"என்ன சார் இது? போன மாசம் எனக்கு நீங்களேதான் அதைத் தலையில கட்டினீங்க. பட்டனைத் தட்டினா கிளம்பும், விரலுக்கு நல்லதுன்னு அவ்வளவு பேசினீங்களே!"

"நீங்க டாக்டர். விரல் போனா பிழைப்பு போச்சு."

"இவர் விரல் மட்டும் ஓசியில வந்ததா?"

மச்சான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டாக்டர் அவன் பக்கம் திரும்பினார்.

"விரலை விடுங்க தம்பி. இவ்வளவு பெரிய எஞ்சினைக் கையால சுத்திக் கிளப்பணும்னா, பிளேன் பாய்ஞ்சிடாம ஒருத்தர் வாலைப் பிடிச்சுக்கணும். ஸ்டார்ட்டர்னா ஆளே வேணாம். அது வர்றதுக்கு முன்னாடி எங்க வீட்டம்மாவைக் கூப்பிட்டேன். 'வீட்ல உங்கம்மாவுக்கு வால் பிடிக்கிறது போதாதா, கிரவுண்டுக்கு வேற வரணுமா'ன்னுட்டா!"

அவன் சிரித்தான். அது சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது.

"உங்க வீட்ல வருவாங்களா?"

"வந்துக்கிட்டிருந்தா. இப்ப வர்றதில்ல."

"அலுத்திருக்கும். கல்யாணமாகிப் பத்து வருஷம் இருக்குமா?"

"நாலு."

"நாலுலயேவா!" டாக்டர் உச்சுக்கொட்டினார்.

மச்சான் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது. குனிந்து எடுக்க அவருக்குக் கொஞ்சம் நேரமானது. பிறகு டாக்டரின் புரொப்பல்லரைத் தாளில் சுற்றிக் கொடுத்து, வாசல் வரை கொண்டுபோய் விட்டுவந்தார்.

"முடிவாச் சொல்லுங்க மச்சான். இல்லன்னா வேற கடையில வாங்கிக்கிறேன்" என்றான் அவன்.

"வாங்குங்க. வாங்கிட்டு இந்த வாசலை மிதிச்சுப் பாருங்க."

"சரி, ஸ்டார்ட்டரே வேணாம். தரையில முளை அடிச்சு வாலைக் கயித்துல கட்டிக்கிறேன்."

"கட்டிட்டு நாலு வாய் புல்லும் போடுங்க. எருமையா அது?"

"அப்ப நான் என்னதான் பண்றது?" அன்று முதன்முறையாக அவன் குரல் உயர்ந்தது. "வித்தா உங்களுக்குத்தானே லாபம்? ஊருக்கெல்லாம் விக்கிறீங்க. எனக்கு மட்டும் ஏன் மாட்டேங்கறீங்க?"

மச்சான் மேசையைச் சுற்றிக்கொண்டு விமானத்தின் வால் பக்கம் போனார். அங்கே இரண்டு புறமும், ஓர் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு பெயின்ட் தேய்ந்து வெளுத்திருந்தது. ஞாயிறுதோறும் பிடித்துப் பிடித்து வெளுத்த இடம். சின்ன உள்ளங்கை. அதன் மேல் அவர் தன் பெரிய கைகளை வைத்தார். பொருந்தவில்லை. ஆனாலும் எடுக்கவில்லை.

"எட்டு மாசமா எங்க வீட்டுப் பக்கம் வரல. போன் பண்ணா எடுக்கல. இதையும் மாட்டிக்கிட்டா, அப்புறம் உங்களுக்கு நாங்க யாருமே தேவைப்பட மாட்டோம்" என்றார். தலையை நிமிர்த்தாமலே தொடர்ந்தார்:

"தங்கச்சி செத்துட்டா மாப்ள. நான் இருக்கேன்ல? ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்னு சொல்லுங்க."