லைசானியின் சட்டிமூடி

எமோசி அடுப்பைப் பற்றவைக்கிறான், மரவள்ளிக்கிழங்கை வேகப்போடுகிறான், மகள் கினிக்குத் தலை வாருகிறான். எல்லாக் காலையும் போலத்தான். கூடத்தில் மட்டும் ஊரே டிவி முன்னால் பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறது. ரக்பி இறுதியாட்டம், ஆடுவது அவர்கள் நாடான ஃபிஜி. அவன் மனைவி லைசானி இறந்து நூறு இரவு முடியவில்லை. அதுவரை துக்க வீட்டில் யாரும் சத்தம் போடக்கூடாது. கடைசி நிமிடத்தில் ஃபிஜிக்காரன் ஒருவன் பந்தை வாரிக்கொண்டு ஓடுகிறான். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு துடிக்கிறார்கள். கினி அம்மாவின் நசுங்கிய சட்டிமூடியையும் கரண்டியையும் தூக்கிக்கொண்டு வருகிறாள்.

"அடியே, வேணாம்டி!" என்று அத்தை பல்லைக் கடிக்கிறாள்.

"அம்மா இந்நேரம் தட்டியிருப்பாளே, அப்பா!"

எமோசி மூடியையும் கரண்டியையும் வாங்கி ஓங்கித் தட்டுகிறான். வீடே எழுந்து அலறுகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ரேடியோவைக் காதோடு அணைத்தபடி லைசானி அவனிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"கத்துய்யா! நீ ஊமையாட்டம் உக்காந்திருந்தா அவனுங்க எப்பிடி ஓடுவானுங்க?"