படத்திறப்பு

அவள் வரைந்த படத்தைக் காணோம். அந்த இடத்தில் ஒரு பொன்னாடை தொங்கிக்கொண்டிருந்தது.

சிறப்பு விருந்தினருக்கு வாங்கியதில் மிஞ்சியதாக இருக்கும். பச்சை நிறம், சரிகைக் கரை. இரண்டு மூலையிலும் ஊசி குத்தி, சட்டத்தோடு சேர்த்து மூடியிருந்தார்கள்.

மற்ற சுவர்களில் வசந்தம் கொட்டிக் கிடந்தது. கொன்றை, மாம்பூ, முருக்கம்பூ. குயில்களுக்குக் கணக்கே இல்லை. பஞ்சுக் கிடங்காக இருந்த இந்தக் கலைக்கூடம் இத்தனை நிறத்தை என்றைக்குமே கண்டிருக்காது.

"கலர் நெறைய இருக்கணும் அம்மிணி. வசந்த விழான்னு பேரு வெச்சிருக்கறோம்."

ஓவியர் சங்கச் செயலாளர் நாச்சிமுத்து அப்படிச் சொல்லித்தான் அவளிடம் படம் கேட்டார்.

அவளும் நிறத்தில் குறை வைக்கவில்லை. ஆற்றை வரைந்தாள். கரைக்குக் கரை ஊதா. நடுவில் ரத்தச் சிவப்பு. பாலத்துக்குக் கீழே மஞ்சள் நுரை. அவள் வீட்டுப் பின்வாசலைத் திறந்தால் தெரிகிற ஆறு. ஒரு சொட்டுக்கூட அவள் கற்பனை இல்லை.

ஆற்றில் ஒரு குழாய் கொட்டுகிறது. குழாய்க்குப் பின்னால் வெள்ளை மதில், அதில் நீலப் பட்டை. அது யார் மதில் என்று ஊரில் நண்டு சிண்டுக்கும் தெரியும்.

அந்த மதிலுக்குள் இருக்கிற சாயப்பட்டறையின் முதலாளிதான் இன்றைக்குச் சிறப்பு விருந்தினர். கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்து விளக்குப் போட்டுக் கொடுத்தவரும் அவர்தான்.

"அவரு வந்துட்டுப் போற வரைக்கும் மூடியிருக்கட்டும். அப்பறம் எடுத்துக்கலாம்." நாச்சிமுத்து கெஞ்சினார்.

கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. பயந்த மனிதர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரே பார்க்காவிட்டாலும் போகிறது. அந்த முதலாளி ஒருவர் பார்க்க வேண்டும். அதற்குத்தானே ராத்திரியும் பகலும் உட்கார்ந்து வரைந்தாள்.

துணியைப் பிடித்து இழுக்கப் போனவள் கையை எடுத்துக்கொண்டாள். இழுத்தால் படத்தையே கழற்றிக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிடுவார்கள்.

வாசலில் கார் வந்து நின்றது. எல்லாரும் அங்கே ஓடினார்கள்.

அவள் ஊசிகளை மட்டும் உருவினாள். துணியை ஒழுங்காக நீவி விட்டாள்.

முதலாளி குத்துவிளக்கு ஏற்றினார். மாலையை வாங்கிப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். சுவர் ஓரமாக நடந்தார். கொன்றைக்கு "அருமைங்க" என்றார். குயிலுக்கு "அருமைங்க" என்றார். எல்லாக் குயிலுக்கும் சொன்னார்.

கடைசிச் சுவர் வந்ததும் நாச்சிமுத்து அவரைக் காப்பிக்குத் திருப்பினார்.

அவள் குறுக்கே போய் நின்றாள்.

"ஐயா, படத்திறப்பு ஒண்ணு பாக்கி இருக்குதுங்க."

நாச்சிமுத்துவுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

முதலாளி பார்த்தார். சுவரில் ஒரு சட்டம். மேலே சரிகைத் துணி. இந்த மாதிரி அவர் எத்தனையோ திறந்து வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில், கோயில் கமிட்டியில், காரியம் நடக்கிற வீடுகளில். யார் படம் என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. கேட்டால் மரியாதையாக இருக்காது. சங்கத்தை ஆரம்பித்த பெரியவராக இருக்கும்.

செருப்பைக் கழற்றினார்.

அவர் கழற்றியதால் கூட்டமும் கழற்றியது.

கை தானாகப் போனது. துணி தொட்டதும் வந்துவிட்டது.

எல்லாரும் கைதட்டினார்கள். திறந்தால் தட்ட வேண்டும், அதுதான் வழக்கம். அப்புறம்தான் பார்த்தார்கள். முன்னால் நின்றவர்கள் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். பின்னால் இருந்தவர்களுக்குப் படம் தெரியவில்லை. அவர்கள் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி மதிலைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். கரையோரம் ஒரு கன்றுக்குட்டி தண்ணீரை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. அதையும் பார்த்தார்.

பின்னாலும் கைதட்டல் ஓய்ந்தது.

துணியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வெறுங்காலில் நின்றார். அவள் கை கட்டாமல் எதிரே நின்றாள். பயமாகத்தான் இருந்தது. சந்தோஷம் அதைவிடப் பெரியதாக இருந்தது.

நாளிதழ் புகைப்படக்காரர் எதையும் காமிரா வழியாகத்தான் பார்ப்பார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து முட்டி போட்டார்.

"நாளைக்குப் பேப்பருக்குங்க. ஐயா, படம் மறைக்குது, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அம்மா, நீங்க அந்தப் பக்கம் வாங்க. ரண்டு பேரும் சிரிங்க."

அவள் போய் நின்றாள். சிரித்தாள்.

புகைப்படக்காரர் காத்துக்கொண்டிருந்தார்.