ஞாயிறு மதியப் பேய்ப்படம்

ஞாயிறு மதியம் பிரியாணி சாப்பிட்ட கையோடு குணாளன் வீட்டில் மூவரும் கையில் நாடி பார்க்கும் பட்டையைக் கட்டிக்கொண்டு டிவி முன் உட்காருவார்கள். நாடி எகிறினால் பட்டை சிவப்பாக எரியும். அந்த வீட்டில் யார் எதற்குப் பயப்படுகிறார்களோ, அதை வைத்து அவர்களுக்கென்றே டிவி வாராவாரம் ஒரு பேய்ப்படம் எடுத்துப் போடும்.

அன்றைய படத்தில் மோகினி, கிணறு எதுவும் வரவில்லை. வாசலில் பைக் வந்து நின்றது. முகமில்லாத ஒன்று உள்ளே வந்து, செருப்பை உதறிவிட்டு, சாவிக்கொத்தை ஃப்ரிட்ஜ் மேல் வீசியது.

"இதுல என்னடி பயம்? சப்பைப் படம்," என்று மனைவி சுகந்தியிடம் சிரித்தான் குணாளன்.

அவள் சிரிக்கவில்லை. அவள் பட்டையும் மகள் மதுராவின் பட்டையும் சிவந்திருந்தன. அவனுடையது பச்சை. திரும்பிப் பார்த்தான். ஃப்ரிட்ஜ் மேல் அவனுடைய சாவிக்கொத்து கிடந்தது.

"வேற சேனல் வைக்கட்டாப்பா?" என்றாள் மதுரா, தரையைப் பார்த்தபடி.

"ஓடட்டும்."

திங்கள் முதல் பைக்கைத் தெருமுனையிலேயே அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தான்.

"சாப்டியா கண்ணு?" என்று மெதுவாகக் கேட்டான்.

"சாப்டேம்பா," என்று மதுரா எழுந்து நின்று சொன்னாள்.

அடுத்த ஞாயிறு பேய் சத்தமே இல்லாமல், செருப்பைக் கையில் பிடித்தபடி வந்தது. "சாப்டியா கண்ணு?" என்று மெதுவாகக் கேட்டது.

மதுரா அம்மா பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். யாரும் சேனலை மாற்றவில்லை. கொஞ்ச நேரத்தில் குணாளனின் பட்டையும் சிவந்தது.